பச்சைக் கோடு போட்ட பெட்டி

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்றைக்கும் பொன்னாடை அவருக்குத்தான்.

நல்லமங்கலம் பேரூராட்சிக்குத் தலைவி நான். ஓட்டுக் கேட்டு வெயிலில் தெருத்தெருவாய் நடந்தவள் நான். கல்வெட்டில் இருப்பது என் பெயர். ஆனால் கிழக்குத் தெருவில் குடிநீர்த் தொட்டியைத் திறந்து வைத்ததும் அத்தனை பேரும் "தலைவரே, தலைவரே" என்று என் வீட்டுக்காரரைத்தான் சூழ்ந்துகொண்டார்கள். எனக்கு ஒரு எலுமிச்சம்பழம். அதையும் அவரே வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இருபது வருஷமாய் நற்பணி மன்றம் நடத்துகிற மனுஷர், வேலாயுதசாமி என்றால் நாலு ஊருக்குத் தெரியும், எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். அதற்காக என் எலுமிச்சம்பழமுமா?

வீட்டுக்கு வந்தால் ஒரு கடிதம். மாவட்ட நகர நலப் பேரவை எங்கள் இரண்டு பேருக்கும் 'சேவைத் தம்பதி' விருது கொடுக்கப்போகிறதாம். மே 25 விழா. கூடவே ஒரு படிவம், அதில் நாலு கேள்வி. மூன்றை அவரே நிரப்பிவிட்டார். நாலாவது: "உங்கள் சேவையில் மறக்க முடியாத ஒரு நிகழ்ச்சியைக் கைப்பட எழுதி, இருவரும் கையெழுத்திடுக."

"இத நீ எழுது செண்பகம். எழுத்துன்னா உனக்குத்தான் வரும்" என்றார். வேலை என்றால் மட்டும் எனக்கு வரும்.

மாமாவுக்குக் கஞ்சி புகட்டினேன். என் வீட்டுக்காரரின் அப்பா, படுத்த படுக்கையாகி எட்டு மாதம் ஆகிறது. துடைத்துவிட்டுக் கை கழுவும்போது, மன்றத்து வண்டி ஓட்டும் இருளப்பன் வந்தான். "அக்கா, பச்சைக்கோட்டு ஐஸ் பெட்டி மோட்டார் ஒரு மாதிரி உறுமுது" என்றான். சாத்தூர் மெக்கானிக்கை வரச் சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 29

நாலாவது கேள்விக்கு ஐஸ் பெட்டியைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "எங்கள் ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கிறவரை உடலை வைத்திருக்க இரண்டு குளிர்பெட்டிகளை இலவசமாகக் கொடுத்து வருகிறோம். சாதி மத வேறுபாடு பார்ப்பதில்லை." அதோடு பேனா நின்றுவிட்டது.

உள்ளது உள்ளபடி சொன்னால், ஐந்து வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒருவர் பெட்டியை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் இலவசமாய்க் கொடுக்க ஆரம்பித்ததும் கடையை மூடிவிட்டுத் திருப்பூர் போய்விட்டார். இப்போது ஊருக்கே எங்கள் பெட்டிகள்தான். ஒன்று வெள்ளை, புதுசு. இன்னொன்றும் வெள்ளைதான், முதலில் வாங்கியது, அதன் ஓரத்தில் பச்சைப் பெயின்டில் ஒரு கோடு இருக்கும். இருளப்பன் மாற்றி ஏற்றிவிடக் கூடாதே என்று ஓர் அடையாளம், அவ்வளவுதான். இரண்டிலும் தலைமாட்டில் எங்கள் படம் உண்டு. உள்ளே பிணம் கிடக்கும், வெளியே நாங்கள் இரண்டு பேரும் கும்பிட்டபடி சிரித்துக்கொண்டிருப்போம். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தது யார் என்று கேட்கக் கூடாது.

மே 2

மாமாவுக்கு வயிற்றுப்போக்கு. நாலு தடவை துணி மாற்றினேன். பெற்ற மகன் நாள் முழுக்கக் கண் சிகிச்சை முகாமில் ஊரான் அப்பன்களுக்கெல்லாம் கைத்தாங்கல் கொடுத்துக்கொண்டிருந்தார். சேவை!

மே 5

நேற்று கத்திரி வெயில் ஆரம்பம். நேற்றுத்தான் பாக்கியத்தாயின் புருஷனும் போய்ச் சேர்ந்தான். பாக்கியத்தாய் எங்கள் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர். பதினெட்டு வருஷமாய் இந்த ஊர்க் குப்பையை அள்ளுகிறவள். மகள் பம்பாயில் இருந்து ரயிலில் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். இருளப்பன் காலனிக்குப் பெட்டி கொண்டுபோனான்.

இன்று காலை மாலையோடு போனோம். இவர் மாலை போட்டார், படம் எடுத்தார்கள். பாக்கியத்தாயின் தம்பி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் பக்கவாட்டில் கையால் தட்டிக்கொண்டே இருந்தான். துக்கத்தில் இருக்கிறவர்கள் என்னென்னமோ செய்வார்கள். பத்து மணிக்கு மன்றக் கூட்டம் இருந்ததால் ஐந்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம்.

மே 9

கோபம் இன்னும் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

பாக்கியத்தாய் இன்று வேலைக்கு வந்தாள். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல் என் அறை வாசலில் நின்றாள். உள்ளே வா என்றேன், வரவில்லை. அங்கிருந்தே பேசினாள்.

"அக்கா, பெட்டி ரெண்டாம் நாள் நின்னு போச்சு. ஒரு சொட்டுக் குளுமை இல்ல. எம்மக வந்து எறங்குறப்ப மூஞ்சி மூஞ்சியா இல்லக்கா. துணியப் போட்டு மூடிட்டோம். அப்பன் கால மட்டும் தொட்டுக் கும்பிட்டா."

"ஒரு போன் பண்ணிருக்கக் கூடாதா?" என்றேன்.

"பண்ணோம். வேற பெட்டி இல்லன்னுட்டாக. வெள்ளைப் பெட்டி அன்னைக்குக் கொட்டகையில சும்மாதான கெடந்துச்சாம்?"

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இருளப்பனைக் கூப்பிட்டு விசாரித்தேன். உண்மைதான். வெள்ளைப் பெட்டி நாலாம் தேதியும் ஐந்தாம் தேதியும் மன்றக் கொட்டகையில்தான் இருந்திருக்கிறது. "காலனிக்குப் பச்சைக்கோடுதானக்கா போவும்? அதான வழக்கம்?" என்று என்னையே கேட்டான். அறைந்துவிடலாம் போல இருந்தது.

மத்தியானம் சாப்பிட வந்தவரைப் பிடித்துக்கொண்டேன். சோறுகூட வைக்கவில்லை.

"ஒரு மனுசன் அழுகிக் கெடந்தான். நம்ம பேரு போட்ட பெட்டிக்குள்ள! நம்ம போட்டோ தலைமாட்டுல சிரிக்குது! போன் பண்ணவங்ககிட்ட பெட்டி இல்லன்னு எந்த வாயால சொன்னீக?"

"மேலத்தெருவுல ஒரு பெரிய உசுரு இழுத்துக்கிட்டு இருந்துச்சு. எந்த நேரமும் கேட்டு வருவாகளேன்னு வச்சிருந்தேன்."

"இழுத்துக்கிட்டிருந்த உசுரு இப்ப எங்க?"

"எந்திரிச்சு உக்காந்து காப்பி குடிக்குது" என்றார். சொல்லும்போது அவருக்கே வெட்கமாய்த்தான் இருந்திருக்கும், தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரை இரண்டாய்ப் பிரித்து இழவு கொண்டாடுகிற மனுஷருக்கு விருது ஒரு கேடா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

அவரும் பதிலுக்கு ஒன்று சொன்னார். அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மே 10

இருளப்பனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இனி எந்தத் தெருவாய் இருந்தாலும் சரி, கேட்ட உடனே எது கையில் இருக்கிறதோ அது போக வேண்டும். வெள்ளை முதலில் போகட்டும். பழையதை மெக்கானிக் வந்து பார்க்க வேண்டும். அவன் நம்பர் இவரிடம்தான் இருக்கிறது. இவரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

மே 13

மூன்றாவது வார்டில் குழாய் உடைந்து காலையில் இருந்து குடத்தோடு முற்றுகை. நாலு மணி நேரம் வெயிலில் நின்று பேசிச் சரிக்கட்டினேன். விருது விழாவுக்கு எடுத்த மாம்பழக் கலர் பட்டுக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தேன், தையல்காரி கை இறுக்கமாய்த் தைத்து வைத்திருக்கிறாள். பேரவையில் இருந்து போன் மேல் போன், "படிவம் இன்னும் வரலயேம்மா" என்று. நாத்தனார் மரகதம் அப்பாவைப் பார்க்க வந்து, பார்த்துவிட்டு, பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போனாள். மாமாவின் முதுகில் புண் வந்திருக்கிறது.

மெக்கானிக்!

மே 16

காலனியில் ஆசீர்வாதம் வாத்தியார் காலமானார். என் வீட்டுக்காரருக்கே ஐந்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். மகள் நாளைச் சாயங்காலம் அந்தமானில் இருந்து வருகிறாளாம், நாளை மறுநாள் அடக்கம்.

வெள்ளைப் பெட்டி போயிற்று. நானே கொட்டகையில் நின்று ஏற்றி அனுப்பினேன்.

அரை மணி நேரத்தில் இவர் போனில் மேலத்தெருவே வந்துவிட்டது. "என்ன தலைவரே, புதுப் பெட்டி அங்கிட்டுப் போகுது? நாளைப்பின்ன எங்க வீட்டுல ஒண்ணுன்னா எதுல வைக்க?" இவர் ஒவ்வொருவரிடமும் "பேசிக்கிடுவோம், பேசிக்கிடுவோம்" என்றார். நான் போனை வாங்கி, "தலைவர் பேசுறேன். செத்தா எதுல வைக்கணும்னு இப்பவே எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்று சொல்லி வைத்தேன்.

ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு நிறைந்திருந்தது. நாலாவது கேள்விக்கு இதையே எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

மே 19

மாமா போய்விட்டார். பதினேழாம் தேதி, சனிக்கிழமை காலை ஐந்தரைக்கு. வாயில் பால் விட்டது நான்தான். அன்றைக்கு நடந்ததை எல்லாம் எழுதிவிட வேண்டும். இப்போது எழுதாவிட்டால் அப்புறம் நான் வேறு மாதிரி எழுதிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

கொழுந்தன் சிங்கப்பூரில் இருந்து மறுநாள் காலையில்தான் வந்து சேர முடியும். பெட்டி வேண்டும். சாத்தூரில் கேட்டார்கள், அங்கே இருந்ததும் வெளியே போயிருக்கிறது, மறுநாள்தான் என்றார்கள். ஏழு மணிக்கே வெயில் முற்றத்தில் ஏறிவிட்டது. நாற்காலியெல்லாம் மேலத்தெரு ஆட்கள்.

இவர் இருளப்பனைக் கூப்பிட்டார். "வாத்தியார் வீட்டுல பக்குவமாச் சொல்லு. பச்சைக்கோட்ட அங்க எறக்கிட்டு வெள்ளையக் கொண்டாந்துரு."

எனக்கு முதலில் காது கேட்டதை நம்ப முடியவில்லை. "வாத்தியாரத் தூக்கி வெளிய போட்டுட்டுப் பெட்டிய எடுத்துட்டு வரச் சொல்றீகளா?"

"அப்படி இல்ல செண்பகம். நம்ம வீட்டுத் துக்கம்னா அவுகளே குடுத்துருவாக."

"குடுத்துருவாக. வாயத் தெறந்து ஒரு சொல்லுச் சொல்லாமக் குடுத்துருவாக. அத வாங்கிட்டு வந்து ஒங்கப்பாவ வப்பீகளா?"

மரகதம் தலைவிரி கோலமாய் எழுந்து வந்தாள். "அதுக்குன்னு எங்கப்பாவ அந்தப் பெட்டியிலயா வைக்கச் சொல்றீக? யார் யாரு கெடந்த பெட்டி! மதினி, ஒங்களுக்குப் புத்தி பெரண்டு போச்சா?"

"யார் யாரு கெடந்தா? சொல்லு. மனுசன்தான கெடந்தான்?"

நான் இருளப்பனைப் பார்த்துச் சொன்னேன், "நீ காலனிப் பக்கம் வண்டிய எடுத்தா நான் முன்னால விழுந்துருவேன். பச்சைக்கோட்டக் கொண்டா. அதுலயும் எங்க ரெண்டு பேரு போட்டோதான் இருக்கு." இவர் என்னைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், பிறகு திண்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பச்சைக்கோட்டுப் பெட்டி வந்தது. மேலத்தெரு ஆட்கள் பாதிப்பேர் எழுந்து போய்விட்டார்கள். போகட்டும் என்று இருந்தேன். தலை நிமிர்ந்துதான் நின்றேன்.

பதினோரு மணிக்கு மோட்டார் நின்றது.

சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தோம். இருளப்பன் ஒயரைப் பிடுங்கிச் சொருகினான். மெக்கானிக்குக்குப் போன் போட்டால் குலசாமி கும்பிட வெளியூர் போயிருக்கிறான். கண்ணாடியில் வேர்வை வைத்தது. மரகதம் என் முகத்துக்கு நேரே கையை நீட்டி, "எங்கப்பன அழுக வச்சுட்டியே, பாவி" என்று அலறினாள். மெக்கானிக்கைக் கூப்பிட்டாயா என்று என் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் நான் செத்திருப்பேன். அவர் கேட்கவில்லை. ஏப்ரல் 27ல் எழுதி வைத்த வேலை. அப்புறமும் இரண்டு தடவை எழுதி வைத்தேன். எழுதி வைத்ததுதான் மிச்சம். இறுக்கமான ரவிக்கைக்கு இரண்டு தடவை தையல்காரி வீட்டுக்கு நடந்தேனே, ஒரு போன் போட முடியவில்லை.

சாவு வீட்டு வாசலைக் கூட்டிவிட இரண்டு பெண்களோடு பாக்கியத்தாய் வந்திருந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடி சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள் போல. நான் திரும்பியபோது பெட்டியின் பச்சைக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டணும்க்கா" என்றாள்.

"என்ன?"

"அந்தப் பெட்டியத் தட்டணும். கால்மாட்டுப் பக்கம். தட்டுனா ஓடும், பெறகு நிக்கும். மறுபடி தட்டணும். நாங்க ஆளு மாத்தி ஆளு தட்டிக்கிட்டேதான் உக்காந்திருந்தோம். ரெண்டாம் நாளு தட்டியும் ஓடல."

உள்ளே வா என்றேன். இந்தத் தடவை வந்தாள். முற்றத்தைத் தாண்டி, மேலத்தெரு நாற்காலிகளைத் தாண்டி, மரகதத்தைத் தாண்டி வந்து குனிந்தாள். நான் தட்டினேன், ஓடவில்லை. "அங்க இல்லக்கா. இங்க." அவள் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். பெட்டி உறுமிக்கொண்டு எழுந்தது. கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய் வாசலைக் கூட்ட ஆரம்பித்தாள். ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை, நான் உட்பட.

அப்புறம் பெட்டி நிற்க நிற்கத் தட்டியது என் வீட்டுக்காரர்தான். யாரையும் விடவில்லை. வெள்ளை வேட்டியோடு தரையில் சம்மணம் போட்டு, கால்மாட்டில் உட்கார்ந்து, சாயங்காலம் வரை தட்டினார். தட்டத் தட்ட அழுதார். அந்த ஐந்து நிமிஷத்தில் காலனியில் நாங்கள் பார்த்துவிட்டு வந்த, பாக்கியத்தாயின் தம்பி தட்டிய தட்டு அது என்று அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். பொழுது சாய்ந்ததும் வெயில் தணிந்து, பெட்டி ஒரு மாதிரி நிதானத்துக்கு வந்தது.

கொழுந்தன் ஞாயிறு காலை வந்து அப்பா முகத்தைப் பார்த்தான். முகம் நன்றாகத்தான் இருந்தது.

மே 21

மெக்கானிக் வந்தான். உள்ளே ஒரு ஒயர் லூசாகியிருக்கிறது. இருபது நிமிஷ வேலை.

இருளப்பனிடம் மண்ணெண்ணெய் கேட்டு வாங்கிப் பச்சைக் கோட்டைத் துடைத்தேன். பெயின்ட் போயிற்று. கோடு இருந்த இடம் மட்டும் மற்ற இடத்தைவிட வெளுப்பாய்த் தெரிகிறது. பெட்டி முழுக்கப் பெயின்ட் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். எங்கள் படத்தை இரண்டு பெட்டியில் இருந்தும் உரித்துப் போட்டேன்.

பிறகு படிவத்தை எடுத்து நாலாவது கேள்விக்குப் பதில் எழுதினேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"மூன்று வருஷத்துக்கு முன்னால், காலனிக்குப் போய் வந்த பெட்டியை மேலத்தெருவில் ஒரு வீட்டார் வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 'வச்சா வைக்கட்டும், வைக்காட்டிப் போகட்டும். ரெண்டும் ஒண்ணுதான்' என்றார் என் கணவர். தேர்தலுக்கு இரண்டு மாதம் இருந்தது. புதிதாய் ஒன்று வாங்குவோம், பழையதில் ஒரு கோடு போட்டுக் காலனிக்கென்று வைத்துவிடுவோம் என்று சொன்னவள் நான். பச்சை நிறத்தைச் சொன்னதும் நான். அந்தப் பெட்டியில் ஒரு தகப்பனின் முகம் கெட்டது. அவன் மகளால் அதைப் பார்க்க முடியவில்லை. எங்கள் சேவையில் மறக்க முடியாத நிகழ்ச்சி இதுதான். விருது வேண்டாம்."

ஒன்பதாம் தேதி சோறு வைக்காமல் நான் கத்தியபோது அவர் திருப்பிச் சொன்னது இதைத்தான். "கோடு போடச் சொன்னது யாரு?" என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து வைத்துக்கொண்டு அவரைத்தான் பன்னிரண்டு நாளாய்த் திட்டிக்கொண்டிருந்தேன்.

படிவத்தைப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"நான் அன்னைக்கே ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னேன்ல" என்றார், மெதுவாக.

"சொன்னீக. சொல்லிட்டு நீங்கதான் பிரஷ்ஷ வாங்கி கோட்டையும் போட்டீக."

சட்டைப்பையில் இருந்து பேனாவை எடுத்து, "கோட்டைப் போட்டவன் நான்" என்று ஒரு வரி சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நான் போட்டேன். கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ கல்வெட்டில் இரண்டு பேர் பெயரும் சேர்ந்து வந்திருக்கிறது. இதுவரை ஒன்றில் கூட நாங்கள் இரண்டு பேரும் உண்மை எழுதியதில்லை. தபாலில் போட்டாயிற்று.

மே 22

விடிந்ததும் காலனி முக்குக்கு நடந்தே போனேன். பாக்கியத்தாய் குப்பை வண்டியோடு வந்துகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி, எல்லாவற்றையும் சொன்னேன். கோடு யார் யோசனை என்று சொன்னேன். மெக்கானிக்கை நான் கூப்பிடாததைச் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்துக்கொண்டு போயும் அழுதுவிட்டேன். பெட்டி சரியாகிவிட்டது, இனி நிற்காது, எந்தத் தெருவுக்கும் எதுவும் போகும் என்றேன்.

முழுக்கக் கேட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இனிமே சாகுறவுகளுக்கு நல்லதுக்கா" என்றாள். "எம்புருசன் மூஞ்சிய எம்மக பாக்கல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலத்தெருவுக்குள் போனாள். ஆறரை ஆகியிருந்தது, வீட்டுக்கு வீடு குப்பையை வாசலில் வைத்திருந்தார்கள்.